தாம்போதிக்கு அந்தப் பக்கம்

முதலாம் நாள்: குருநகர், பண்ணை

யாழ்ப்பாண நகரில் இரண்டு கிராம சேவகர் பிரிவுகளுக்கு 'றெக்கிளமேசன்' என்று பெயர். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. கடலோரத்தை நிரப்பி எடுத்த நிலம். அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க ஒருவரும் மினக்கெடவில்லை, ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. பயணத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று குஞ்சியப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

குஞ்சியப்பா என் அப்பாவின் தம்பி. வயது 74. வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கொக்குவிலில் இருக்கிறார். நான் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஐந்து நாள் லீவில் வந்திருக்கிறேன். தீவுகளுக்குப் போகக் கடலுக்குக் குறுக்கே போட்ட றோட்டுகளான தாம்போதிகள் எல்லாவற்றிலும் ஒரு தடவை ஓடிப் பார்ப்பது திட்டம். அப்பா பிறந்தது வேலணையில். அவர் இல்லாமல் அங்கே போவது இதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரை நான் ஓட்டுவது, அவர் பின்னால் இருந்து விளக்கம் சொல்வது என்று ஏற்பாடு.

குருநகருக்குப் பழைய பெயர் கரையூர். அந்தப் பெயரிலேயே கடல் இருக்கிறது. யாகப்பர் கோயிலைத் தாண்டி உள்ளே போய் ஒரு வாசலில் தண்ணீர் கேட்டோம். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மா செம்பில் தந்தார். மாரிக்கு எப்படி என்று குஞ்சியப்பா கேட்டதும் அவருக்குக் கதை வந்துவிட்டது. "முற்றத்தில தண்ணி நிக்குமெண்டு நாங்கள் அரை அடி மண் போட்டனாங்கள். அடுத்த வருசம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடி போட்டார். இப்ப அவையின்ர தண்ணியும் எங்கட முற்றத்திலதான்." நிலம் மீட்பது பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் சுருக்கமானது.

பின்னேரம் பண்ணைக்குப் போனோம். நல்லூர்த் திருவிழாக் காலம். ஊருக்கு வந்திருக்கும் சனம் முழுக்க மாலையில் இங்கே காற்று வாங்கத்தான் வருகிறது போல. கச்சான் சுருளும் ஐஸ்கிறீமும் கையில். பின்னால் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலையாக மாற்றிக் கட்டினார்கள். 1990 முற்றுகையில் உடைந்தது போக, பிறகு ஒட்டியதும் சேர்த்து இப்போது நிற்கிறது. முன்னால் கடலுக்கு நடுவே நேராக ஓடும் கறுப்பு றோட்டு.

"பண்ணைப் பாலம் என்று சொல்கிறோமே, பாலம் எங்கே குஞ்சியப்பா?"

"பாலம் இருக்கிறது துண்டு துண்டாப் பிள்ளை. மிச்சமெல்லாம் தாம்போதி. தாம்போதி எண்டால் கடலுக்குள்ள போட்ட வரம்பு."

யாழ்ப்பாணக் கடல்நீரேரி 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது என்றாலும் ஆழம் பெரும்பாலும் ஓராள் மட்டத்துக்குள்தான். பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்கால். அதனால்தான் இங்கே தூண் நட்டுப் பாலம் கட்டுவதைவிடக் கல் கொட்டுவது மலிவு. கரையிலிருந்து லொறி பின்பக்கமாக வந்து கல்லைக் கொட்டும். கொட்டிய கல்லின் மேலேயே அடுத்த லொறி வரும். மேலே கிறவல் போட்டு இறுக்குவார்கள். அலை அரிக்காமல் இரண்டு பக்கச் சரிவிலும் பெரிய கல் அடுக்குவார்கள். இவ்வளவுதான் வேலை. கஷ்டம் எங்கே வருகிறதென்றால், எத்தனை வாய் விடுவது என்பதில். தண்ணீர் ஓட வாய் குறைந்தால் ஒரு பக்கம் சேறு படியும், வெயில் காலத்தில் உப்பு ஏறும், குஞ்சு இறால் போய் வர வழியில்லாமல் போகும். "கூட விட்டால் காசு காணாது, குறைய விட்டால் கடல் காணாது" என்றார். இந்த வசனத்தை எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பாரோ.

றோட்டின் இரண்டு பக்கமும் சிறகு வலைகள். தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் விரித்த இரண்டு சிறகுகள் ஒரு மூலையில் சந்திப்பது போல. நீரோட்டத்தோடு வரும் இறால் வலையில் முட்டி, வலை ஓரமாகவே நீந்தி, கடைசியில் அந்த மூலைக் கூட்டுக்குள் போய்விடும். இருட்டுப்படும் நேரம் ஒருவர் மார்பளவு தண்ணீரில் நடந்து போய் ஒரு கம்பில் லாம்பு கட்டினார். பிறகு அடுத்த கம்பு. அவர் ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்கும் வரை நின்றோம். கச்சான் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள்: மண்டைதீவு முதல் வேலணை வரை

சோளகம் பலமாக வீசுகிறது. தாம்போதியில் ஸ்கூட்டர் தானாகவே ஒரு பக்கம் சரிந்துகொண்டு போனது. குஞ்சியப்பா இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்திருந்தார். என்னைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை.

சப்த தீவுகள் என்று எண்ணும்போது வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு என்று ஏழும் வரும், மண்டைதீவு வராது. பட்டணத்துக்கு மிகக் கிட்ட இருப்பதாலோ என்னவோ, கணக்கில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது சின்ன மனக்குறை. ஆனால் பெரிய துயரம் வந்தபோது மண்டைதீவு விடுபடவில்லை. 1990இல் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது இங்கே காணாமல் போனவர்களின் உறவினர்கள், மூடிக்கிடக்கும் கிணறுகளைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே மண்டைதீவில்தான் 2025 செப்டம்பரில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை தொடங்கினார்கள். பட்டணத்துக்கு ஐந்து நிமிடம், விரிந்த வெறும் நிலம் என்றால் யாருக்கும் கண் போகும்தானே. தாழ்ந்த ஈரநிலம் அது. மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று குஞ்சியப்பா அந்த இடத்தைக் கடந்து வெகுதூரம் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அடுத்தது அல்லைப்பிட்டி. 1977இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் இங்கே தோண்டியபோது பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. சீனாவிலிருந்து வந்த கிண்ணம் அல்லைப்பிட்டி மணலில்! இப்போது பார்த்தால் பனைகளும் ஒரு சின்னக் கடையும்தான். கடையில் பிளேன்டீ குடித்தோம். சீனி தனியாகக் கையில் தந்தார்கள். கடித்துக்கொண்டு குடிப்பது எனக்குப் பழக்கம் விட்டுப்போய் முதல் வாயில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

மண்கும்பான், சாட்டி கடந்து வேலணை வங்களாவடிச் சந்தி. இங்கே றோட்டு பிரிகிறது: ஒன்று ஊர்காவற்றுறைக்கு, மற்றது புங்குடுதீவுக்கு. பண்ணையிலிருந்து எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். அரை மணித்தியாலம்கூட இல்லை. அப்பம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டணம் போவதென்றால் முதல் நாளே புட்டு அவித்துக் கட்டி வைப்பார்களாம். வள்ளம் காற்றைப் பார்த்துத்தான் வெளிக்கிடும். சோளகக் காலத்தில் போகலாம், வருவது கடவுள் விட்ட வழி என்பார். பட்டணத்தில் இருந்த சொந்தங்கள் அவர்களைத் 'தீவார்' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வதையும் அப்பம்மா நடித்துக் காட்டுவார். சம்பந்தம் பேசும் இடத்தில் அந்த இழுப்புக்கு ஒரு விலை இருந்தது.

அப்பாவின் வீடு நிற்கிறது, கூரை இல்லாமல். 1991இல் இடம்பெயர்ந்து போனபோது பூட்டிய கதவு கதவோடு போய்விட்டது. நிலை மட்டும் இருக்கிறது. நடு அறைக்குள் ஒரு வேம்பு, என்னைவிட உயரம். குஞ்சியப்பா உள்ளே வரவில்லை. வேலியோரமாக நடந்து எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் செருப்பால் மண்ணைத் தட்டி, "இருக்குது" என்றார். அப்புறம் அது பற்றி ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் ஒழுங்கை முனையில் மாமி வீட்டில். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. மாமியின் கிணற்றில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது, சவர்த் தண்ணீர். குளிக்க, கழுவ அது. குடிக்கவும் சமைக்கவும் பவுசரில் வரும் தண்ணீரை நீலத் தாங்கியில் பிடித்து வைத்திருக்கிறார். நான் சாப்பிட்ட கோப்பையைக் குழாயில் கழுவப் போக, மாமி ஓடி வந்து கையைப் பிடித்தார். "அது நல்ல தண்ணி பிள்ளை. கிணத்தடியில கழுவு." பிறகு எனக்குக் குடிக்கத் தந்தபோது டம்ளர் நிறைய வார்த்தார், தனக்கு அரை.

அரசாங்கக் கணக்கில் வேலணை இன்றைக்கும் 'தீவகம் தெற்கு'. ஊர்காவற்றுறை 'தீவகம் வடக்கு'. பஸ் ஓடுகிறது, கம்பி மின்சாரம் வருகிறது, என் போனில் வெள்ளவத்தையைவிட நன்றாக சிக்னல் இருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டும் இன்னும் பவுசர் ஏறித்தான் வருகிறது. தீவகம் என்ற பெயரை அந்தக் கந்தோர்க்காரர்கள் தெரிந்துதான் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் போலும்.

மூன்றாம் நாள்: வேலணை

இன்றைக்கு எங்கேயும் போகவில்லை. குஞ்சியப்பாவுக்கு முதுகு. எனக்கு முகம் முழுக்க உப்பும் வெயிலும்.

காலையில் பனைக்குக் கீழே பழம் விழும் சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன். மாமி பனங்களியை வடித்துப் பணியாரம் சுட்டார். இரவு ஒடியல் கூழ்: நண்டு, இறால், திரளி மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை. பலாக்கொட்டை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தது, நண்டு இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போகிறது. பிளாவைப் பனையோலையில் மாமியே கோலிக் கொடுத்தார். குஞ்சியப்பா இரண்டு பிளா குடித்த பிறகு முதுகு சுகமாகிவிட்டதாக அறிவித்தார்.

நான்காம் நாள்: புங்குடுதீவு, குறிகட்டுவான்

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே உள்ளதை வாணர் தாம்போதி என்பார்கள். பெரியவாணர், சின்னவாணர் என்று ஊரார் அழைத்த சகோதரர்களின் நினைவாக வந்த பெயர். இது வேண்டுமென்று படியேறி அலைந்தவர்கள் அவர்கள். ஒரு மந்திரியின் பெயரோ தேசாதிபதியின் பெயரோ ஒட்டாமல், கேட்டு வாங்கியவர்களின் பெயர் ஒட்டியிருக்கிறது. குஞ்சியப்பாவுக்கு இதில் பெரிய திருப்தி. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லையே என்ற சின்னப் பொறாமையும் உண்டு.

என் கண்ணுக்கு எல்லாத் தாம்போதிகளிலும் அழகு இதுதான். இரண்டு பக்கமும் கடல் பச்சையும் வெள்ளையுமாகத் தெரிகிறது. றோட்டு தண்ணீர் மட்டத்தை விட்டு அதிகம் உயரவில்லை. கொஞ்சம் கண்ணை இடுக்கிக்கொண்டால் முன்னால் போகும் பஸ் கடல் மேலே ஓடுவது போல இருக்கும். பூநாரைகளைத் தேடினேன். ஆவணியில் எங்கே அவை? வாடைக் காற்றோடு வரும் விருந்தாளிகள்.

மடத்துவெளியில் ஏறினால் புங்குடுதீவு. ஒல்லாந்தர் இதற்கு மிடில்பேர்க் என்று பெயர் வைத்தார்கள். வேலணைக்கு லைடன், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்களையெல்லாம் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். வழக்கில் தங்கியது டெல்ஃப்ட் ஒன்றுதான், நெடுந்தீவுக்கு. தாம்போதி போடாமல் விட்ட தீவில் ஒல்லாந்தப் பெயரும் அப்படியே இருக்கிறது.

புங்குடுதீவு வீடுகளைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஒரு வேலிக்குள் புதுப் பெயின்ட் பூசிய இரண்டு மாடி. கேற்றில் பெரிய பூட்டு. அடுத்த வேலிக்குள் கூரையில்லாத சுண்ணாம்புச் சுவர். அதற்கடுத்ததும் பூட்டு. சைக்கிளில் போன ஒருவரிடம் வழி கேட்டேன். ஒவ்வொரு வீட்டையும் காட்டி, "இது சுவிஸ். அது கனடா. அந்த மூலை வீடு பாரிஸ்" என்றார். ஒழுங்கையின் பெயரைச் சொல்லவேயில்லை. கடல் கடந்து கொழும்பில் கடை போட்ட ஊர் இது. தாம்போதி வந்ததும் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கலாம். பாதை இரண்டு பக்கமும்தான் போகும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் றோட்டு முடிகிறது. 776 இலக்க பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அர்ச்சனைத் தட்டோடு நாகபூஷணி அம்மனுக்குப் போகிறவர்களும் வெள்ளை உடையோடு நாகதீப விகாரைக்குப் போகிறவர்களும் ஒரே படகில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். நெடுந்தீவுப் பக்கம் அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி. எல்லாவற்றையும் கையால் தூக்கி இறக்கி மறுபடி தூக்க வேண்டும். 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து இந்தத் துறைக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குஞ்சியப்பா துறையில் நின்று நெடுந்தீவுத் திசையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார்.

நயினாதீவுக்கு நாங்களும் போய்வந்தோம். அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. பிறதேசத்தார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறை. அங்கே நாளைக்கு.

ஐந்தாம் நாள்: ஊர்காவற்றுறை, காரைநகர், பொன்னாலை

ஊர்காவற்றுறைக்குள் நுழையும்போதே, இது பெரிய ஊராக இருந்த இடம் என்று தெரிகிறது. பழைய கட்டடங்களின் வாசல்கள் அகலம். தேவாலயங்கள் ஊரின் அளவுக்குப் பொருந்தாத உயரம். போர்த்துக்கேயர் இதைத் தங்கள் மொழியில் யானைத்துறை என்றார்கள். யானை ஏற்றுமதி இந்தத் துறையால்தான். அந்தப் பெயரின் தேய்ந்த மிச்சம்தான் ஆங்கிலத்தில் கைட்ஸ்.

துறையடியில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். கல்வெட்டு சொன்ன ஊராத்துறை இதுதான். வெளிநாட்டான் இறங்கும் வாசல், கப்பல் கணக்குப் பார்க்கும் இடம். கடல் பாதையாக இருந்த வரைக்கும் இது முன்வாசல். பிறகு மற்றப் பக்கத்திலிருந்து றோட்டு வந்தது. யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் இது கடைசித் தரிப்பிடம். வீட்டின் முன்னும் பின்னும் மாறிப்போயிற்று. தாம்போதி ஊரைப் பட்டணத்தோடு சேர்த்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். சேர்க்கும்போது எந்தப் பக்கத்தால் சேர்த்தார்கள் என்பதை யோசிக்கவில்லை. குஞ்சியப்பாவிடம் சொன்னேன். "நாங்கள் றோட்டுத்தான் போட்டனாங்கள். ஊரைத் திருப்பி வைக்கச் சொல்லி ஓடர் வரேல்லை" என்றார். கொஞ்சம் கோபம்தான்.

காரைநகருக்குக் குறுக்கே போகப் 'பாதை' இருக்கிறது. வெளியூர்க்காரர் குழம்பும் இடம் இது. பாதை என்றால் இங்கே றோட்டு இல்லை. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகும் தட்டையான மிதவை. பாதை வந்துவிட்டதா, பாதை போய்விட்டதா என்றுதான் கேட்பார்கள். எங்களுக்குப் போய்விட்டது. அடுத்த பாதைக்கு நிழல் தேடி நின்றோம். ஏறிய பிறகு இடது பக்கம் கடலுக்குள் கடற்கோட்டை. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இலங்கையைப் படத்தில் பார்த்தால் பன்றித் தொடை போல இருக்கிறதாம், இது அதன் குதிகாலாம். இப்போது கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது.

காரைநகர் முன்பு காரைதீவு. 'காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை' என்று பழமொழியே உண்டு. இலங்கை முழுக்கக் கடை போட்டவர்கள். பொன்னாலைத் தாம்போதி வந்து வெகுகாலத்துக்குப் பிறகு அவர்கள் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள், தீவை எடுத்துவிட்டு நகரைப் போட்டார்கள். கெட்டிக்காரர். புங்குடுதீவாருக்கு இது தோன்றவில்லை. ஈழத்துச் சிதம்பரத்தில் கும்பிட்டுவிட்டு, கசூரினா கடற்கரையில் கால் நனைத்துவிட்டு (சனம் அதிகம், நிற்கவில்லை) பொன்னாலைப் பக்கம் திரும்பினோம்.

தாம்போதியின் சரி நடுவில் பின் சில்லு காற்றுப் போனது. முன்னாலும் பின்னாலும் கடல். நிழல் என்றால் ஓரத்தில் வளர்ந்திருந்த கண்டல் பற்றைகள்தான். நான் தள்ள, குஞ்சியப்பா பின்னால் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார், தள்ளுவது போல. ஒவ்வொரு மதகிலும் நின்று குனிந்து தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தார். மூன்றாவதில் ஓட்டம் இல்லை, பாசி கட்டியிருந்தது. அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

பொன்னாலைச் சந்திக்கு அப்பால் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரப் பெடியன் சில்லைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "தீவாலையோ ஐயா வாறியள்?"

தாம்போதி போட்ட இடத்தைத் தீவு என்று சொல்லக்கூடாது என்று நாலு நாளாக என்னைத் திருத்திக்கொண்டு வந்தவர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "ஓம் தம்பி, தீவாலைதான்" என்றார்.

கொக்குவில் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. நான் நேரே படுக்கலாம் என்று பார்த்தால், குஞ்சியப்பா முற்றத்து லைட்டைப் போட்டார். ஸ்கூட்டரைக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு வரச் சொன்னார். உப்புக் காற்று, இரவு விட்டால் இரும்பைத் தின்றுவிடுமாம். வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். சில்லு, கம்பி, சங்கிலிப் பெட்டி, சீற்றுக்கு அடியில். ஐந்தாவது வாளியில் கையை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அவர் ஆறாவதை அள்ளிக்கொண்டிருந்தார்.